ஃபில்டரைத் தாண்டிய புழுதி

கொழும்பில் இருந்துகொண்டு நாலு சில்லும் இழுக்கிற வாகனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: காணி வன்னியில் கிடக்கிறது. ஏ9 வீதியில் எந்தக் காரும் போகும். மாங்குளத்தில் திரும்பி உள்ளே இறங்கிய பிறகுதான் கதை மாறும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் அந்தக் கிரவல் பாதைகளில் முன்னால் ஒரு உழவு இயந்திரம் போனால், பின்னால் வருகிறவருக்குப் பாதையே தெரியாது. கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு நாங்கள் தப்பிவிடுவோம். எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. அது அந்தப் புழுதிக்குள்ளேதான் மூச்சுவிட வேண்டும். வாகனத்தில் மாற்றுகிற சாமான்களில், அந்தப் புழுதியைத் தடுக்கிற ஏர் ஃபில்டர் ஆக மலிவான ஒன்று. அந்த மலிவான சாமானைப் பற்றித்தான் நானும் மச்சானும் மாதக்கணக்காக வாக்குவாதப்பட்டோம்.

மச்சானிடம் இருப்பது மூன்று லீற்றர் டேர்போ டீசல் ஹைலக்ஸ் டபள் கெப் பிக்கப். கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அதற்கென்று ஒரு சிவப்பு ஃபில்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். கம்பி வலைகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாகப் பருத்தித் துணி, அதில் ஒயில் ஊறியிருக்கும். அழுக்கானால் கழுவி, காயவிட்டு, திரும்ப ஒயில் பூசிப் போடலாம். வாங்கினால் வாகனத்தின் ஆயுளுக்கும் ஒன்று போதும் என்பதுதான் இந்த வகை ஃபில்டர்களை விற்கிறவர்கள் சொல்வது. போட்டுக்கொண்டு கொழும்பின் காலி வீதியில் ஒரு சுற்றுப் போய்வந்த மச்சான், “இழுவை கூடின மாதிரிக் கிடக்கு மச்சான், நீரும் ஒண்டு எடுத்துப் போடும்” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்பதை அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லவும் அன்றைக்கு முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போனதன் விளைவு.

முதலில், இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் 2022இல் டொலர் ஒன்று 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 வரைக்கும் ஏறியது. இந்த நாட்டில் ஒரு பழைய டீசல் ஜீப்பையோ கெப்பையோ வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள், அந்த எஞ்சினை இன்னும் எத்தனையோ வருடம் ஓட்டியாக வேண்டிய நிலையில்தான் இருக்கிறார்கள். எஞ்சின் போனால் ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சின் ஒன்றைத் தேட வேண்டும். அதன் விலையோடு பார்த்தால் எந்த ஃபில்டரின் விலையும் சில்லறைக் காசுதான். ஆகவே பணத்தை மிச்சம் பிடிக்க இந்த விவாதத்துக்குள் வருகிறவர்களிடம் நான் சொல்வது: மிச்சம் பிடிக்க வேண்டியது ஃபில்டரில் இல்லை, எஞ்சினில்.

இழுவையா, சத்தமா

மச்சான் சொன்ன இழுவையை நான் முழுக்கப் பொய் என்று சொல்லவில்லை. அவர் எதையோ உணர்ந்தார் என்பது உண்மை. ஆனால் காற்றுப் பெட்டிக்குள் இருக்கிற ஃபில்டர் மாறினால் முதலில் மாறுவது சத்தம். உறிஞ்சுகிற இரைச்சலும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டேர்போவின் விசிலும் கொஞ்சம் கூடுதலாகக் காதில் விழும். காது சொல்வதைக் கால் நம்பிவிடும். உண்மையில் வாகனம் செய்கிறவர்கள் ஃபில்டரின் பரப்பைத் தேவைக்கு மேலேயே வைக்கிறார்கள். புதுக் கடதாசி ஃபில்டர் ஒன்று காற்றுக்குக் கொடுக்கிற தடை மிகக் குறைவு. அதை இன்னும் குறைத்து ஒரு டேர்போ டீசலில் பெறக்கூடியது என்ன? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கணினிக் கட்டுப்பாட்டில் ஓடுகிற பெற்றோல் வாகனங்களில் வேண்டுமென்றே அடைத்த ஃபில்டரைப் போட்டுப் பார்த்தார்கள். எரிபொருள் செலவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை, முடுக்கம்தான் குறைந்தது என்று வந்தது. அடைத்துப்போன ஃபில்டருக்கே நிலைமை அதுவென்றால், நல்ல ஃபில்டருக்கும் இன்னும் தாராளமான ஃபில்டருக்கும் இடையில் கிடைக்கிற லாபத்தை வன்னிக் கிரவல் பாதையில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

எதிர்ப்பக்கத்துக் கணக்குத்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மூன்று லீற்றர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது, டேர்போவைக் கணக்கில் எடுக்காமலே நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 லீற்றர் காற்றை இழுக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு 180,000 லீற்றர். டேர்போ அழுத்தம் கொடுக்கும்போது இன்னும் கூடும். அவ்வளவும் முன்னால் போகிற உழவு இயந்திரம் கிளப்பிய புழுதி கலந்த காற்று. அந்தப் புழுதியில் கணிசமான பங்கு குவார்ட்ஸ் என்கிற கல்தூள். 10 வரை போகிற மோஸ் அளவையில் அதன் கடினம் 7. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர்ச் சுவரும் உராய்கிற இடத்தில் இருக்கிற ஒயில் படலம் சில மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) தடிப்புத்தான். கண்ணுக்குத் தெரிகிற மண்மணியை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். ஆபத்தானது அந்தப் படலத்தின் தடிப்பை ஒத்த நுண்ணிய தூள். கிட்டத்தட்ட 5 முதல் 20 மைக்ரோன் வரை, தலைமயிரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அது உள்ளே போய் ஒயிலோடு சேர்ந்துகொண்டால், வால்வு அரைக்கிற பசையை நாமே எஞ்சினுக்குள் ஊற்றிவிட்ட மாதிரித்தான். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஒயில் குறையும், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலப் புகை வரும், ஒயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளும். அந்த நேரத்தில் ஃபில்டரைப் பற்றி யாரும் நினைக்க மாட்டார்கள். “வயசாகிட்டுது” என்று எஞ்சினைச் சொல்வார்கள்.

ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு தர முறை இருக்கிறது. அளந்தெடுத்த சோதனைத் தூளைக் காற்றோடு செலுத்தி, எவ்வளவு பிடிபட்டது, எவ்வளவு தூளைத் தாங்கியது, தடை எப்படி ஏறியது என்று பார்ப்பார்கள். ஃபில்டர் விற்கிற பெட்டியில் 99 வீதம், 98 வீதம் என்று போட்டிருப்பது இதிலிருந்து வருவது. இந்த எண்களை வாசிக்கிற விதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 99.5க்கும் 98க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பிடிபட்டதைப் பார்க்காமல் தப்பியதைப் பாருங்கள். 100 கிராம் புழுதி ஃபில்டருக்கு வந்தால் முதலாவதில் அரைக் கிராம் உள்ளே போகிறது, இரண்டாவதில் இரண்டு கிராம். நாலு மடங்கு. அதோடு எந்தத் தூளில் சோதித்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். கரடுமுரடான தூளும் இருக்கிறது, நுண்ணிய தூளும் இருக்கிறது. கரடான தூளில் எடுத்த எண் எப்போதும் அழகாகவே வரும். இழுவையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த ஒரு தகவலைச் சொல்லாத விளம்பரத்தை நான் நம்புவதில்லை.

கடதாசி ஃபில்டருக்கு இன்னொரு குணம் உண்டு. முதலில் படிகிற புழுதி அதன் மேல் ஒரு மெல்லிய படையாக நின்று, பின்னால் வருகிற நுண்ணிய தூளைத் தானே பிடிக்கத் தொடங்கும். அதாவது பாவிக்கப் பாவிக்க, அடைத்துப்போகும் வரைக்கும், அது இன்னும் நன்றாக வடிகட்டும். இதைத் தெரியாமல்தான் எங்கள் சேர்விஸ் நிலையங்களில் ஒவ்வொரு முறையும் ஃபில்டரைக் கழற்றிக் கொம்பிரசர் காற்றை முழு வேகத்தில் அடிக்கிறார்கள். அதுவும் பலர் வெளியிலிருந்து உள்ளுக்கு அடிக்கிறார்கள். கடதாசியில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால் அதற்குப் பிறகு அது ஃபில்டரே இல்லை. டயரில் தட்டுகிற பழக்கமும் அப்படித்தான், விளிம்பு கோணிப்போகும். என்னைக் கேட்டால், பாதி வழியில் அடைத்துப்போய் வேறு வழியில்லை என்றால் மட்டும், உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊதலாம். மற்றபடி தேவையில்லாமல் பெட்டியைத் திறக்கவே கூடாது. அதைவிட ஒரு புது ஃபில்டரைப் பொலித்தீனில் சுற்றி ஆசனத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போவது நல்லது.

நானாவின் விரல்

மருதானையில் ஒரு சந்துக்குள் இருக்கிற கராஜ் நானாவிடம்தான் நாங்கள் இருவரும் வாகனம் கொடுப்பது. சோளகக் காலத்தில் மச்சான் காணிக்குப் போய்வந்த கையோடு, வேறு வேலைக்காக அங்கே நிறுத்தியிருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டே நானா ஃபில்டர் பெட்டியிலிருந்து டேர்போவுக்குப் போகிற ஹோஸைக் கழற்றினார். எஞ்சினின் ஒயில் ஆவியைக் கொண்டுவருகிற மூச்சுக்குழாய் வந்து சேருகிற இடத்துக்குக் கீழே அந்த ஹோஸ் எப்போதும் கறுத்து, ஒயில் பிசுபிசுப்போடுதான் இருக்கும். அது டீசலில் வழமை. நானா பார்த்தது அதற்கு முன்னால், பெட்டியை ஒட்டிய பகுதியை. அங்கே காய்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். விரல் நுனியில் செங்கபில நிறத்தில் மெல்லிய பூச்சு.

“ஃபில்டர் ஒயில் கொஞ்சம் வந்திருக்கும் நானா” என்றார் மச்சான்.

“ஒயில் எண்டா வழுக்கும் தம்பி. இத உரசிப் பாருங்க.”

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உரசினேன். முதலில் ஒயில் மாதிரித்தான் இருந்தது. அழுத்தி உரசியபோது நறநறவென்றது. காதருகே கொண்டுபோனால் சத்தமே கேட்டது. மாங்குளத்து மண் ஃபில்டரையும் தாண்டி, எஞ்சினுக்குப் போகிற வழியில் உட்கார்ந்திருந்தது. மச்சான் ஒன்றும் பேசவில்லை. விசாரித்ததில், பயணத்துக்கு முன் ஃபில்டரை வீட்டில் கழுவி, ஒயிலைக் கண்மதிப்பில் பூசியிருக்கிறார். இந்த வகை ஃபில்டரின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பருத்தியின் இடைவெளி பெரியது. தூளைப் பிடிப்பது துணியை விட அதில் ஒட்டியிருக்கிற ஒயில். ஒயில் குறைந்தால் தூள் போகும். கூடினால் ஒயிலே பறந்துபோய், காற்றை அளக்கிற சென்சர் உள்ள வாகனங்களில் அதன் சூட்டுக் கம்பியில் படியும். சரியான அளவு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதை ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் வாகனக்காரரே கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் பருத்தி ஃபில்டரின் பிறப்பை நினைத்தால் இது விளங்கும். 1969இல் கலிபோர்னியாவில் கே அன் என் நிறுவனம் இதைத் தொடங்கியபோது அதன் களம் பந்தய மோட்டார் சைக்கிள்கள். ஒயில் ஊறிய நுரை ஃபில்டரும் அந்த உலகத்தில் இன்றைக்கும் ஓடுகிறது. பந்தயக்காரர் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டரைக் கழுவுவார், முறையாக ஒயில் பூசுவார். அவருடைய எஞ்சினைக் குறிப்பிட்ட மணித்தியாலங்கள் ஓடியதும் பிரித்து ரிங் மாற்றிவிடுவார்கள். அவருக்கு அது சரியான சாமான். ஒரே எஞ்சினை இன்னும் பத்துப் பதினைந்து வருடம் ஓட்ட நினைக்கிற கொழும்பு வெள்ளவத்தைக்காரருக்கு அது எப்படிச் சரியாகும்?

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது கடதாசிக்கு வெற்றி என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். நானா ஹோஸை முழுக்கத் துடைத்து, வாகனக் கொம்பனியின் வழமையான கடதாசி ஃபில்டரைப் போட்டு அனுப்பினார். “அடுத்த முற வந்தா இதத்தான் முதல்ல தொறப்பேன்” என்றார். மச்சான் திரும்பவும் காணிக்குப் போய் வந்தார். ஹோஸ் பெரும்பாலும் சுத்தமாக இருந்தது. ஆனால் பெட்டி மூடியின் உட்பக்கத்தில், ஒரு மூலையிலிருந்து மட்டும், பென்சிலால் கீறினது போல ஒரு செம்மண் கோடு. ஃபில்டர் புதிது, அது வந்த பெட்டியில் கொம்பனி முத்திரை, மடிப்பில் கிழிசல் எதுவும் இல்லை. நானா மூடியை வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் பார்த்தார். அந்த மூலையின் கிளிப் மற்றவற்றை விடத் தளர்வாக இருந்தது. முன்னைய பருத்தி ஃபில்டரின் ரப்பர் விளிம்பு கொஞ்சம் தடிப்பு. அதை வைத்து மூடியை இறுக்கி இறுக்கிப் பூட்டியதில் கிளிப் விரிந்து, மூடியின் ஓரமும் மயிரிழை அளவு வளைந்திருக்கிறது. புது ஃபில்டரின் விளிம்பு அந்த இடத்தில் அமரவே இல்லை. 99 வீதமும் 99.5 வீதமும் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு முன்னால், ஃபில்டருக்குள் போகாமலே சுற்றிப் போகிற ஒரு பாதை திறந்து கிடந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் என்னுடைய அபிப்பிராயம் ஒரு வடிவத்துக்கு வந்தது. கொம்பனி ஃபில்டர் நல்லதா வெளிச் சாமான் நல்லதா என்பதை, அது வருகிற பெட்டியில் உள்ள பெயர் தீர்மானிப்பதில்லை. விளிம்பு நன்றாக அமர்கிறதா, ஹோஸின் உட்பக்கம் காய்ந்து சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. நான் கொம்பனிக் கடதாசி ஃபில்டரின் பக்கம் நிற்கிறேன் என்றால், அந்தப் பெட்டியும் அந்த விளிம்பும் ஒன்றுக்கென்று ஒன்று செய்யப்பட்டவை என்பதற்காகத்தான். பழைய லேண்ட் குரூசர் டீசல்கள் பலவற்றில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். வட்டப் பெட்டிக்குள் வருகிற காற்றைச் சுழற்றி, பாரமான புழுதியை ஓரத்துக்கு எறிந்து, கீழே உள்ள ரப்பர் வால்வால் வெளியே கொட்டிவிடுவார்கள். கடதாசிக்கு வந்து சேருவது மிச்சம் மட்டும். அந்த அமைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பொனட்டுக்குள் திறந்தபடி ஒரு கூம்பு ஃபில்டரைப் பூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையில் வயிறு எரிகிறது.

பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது

வெளிச் சாமான் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. வாகனக் கொம்பனிகள் தங்கள் ஃபில்டர்களைப் பெரும்பாலும் வேறு உற்பத்தியாளர்களிடமே செய்விக்கின்றன. மான், மாலே, டொனால்ட்சன் போன்ற பெயர்களில் வருகிற கடதாசி ஃபில்டர்கள் நல்லவை. நான் பயப்படுவது போலிகளுக்குத்தான். கொம்பனிப் பெட்டியிலேயே போலி வருகிறது. கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் ஒரே இலக்கமுள்ள இரண்டு ஃபில்டரை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மடிப்புகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில் நின்றன. மற்றதில் மடிப்புகள் ஐதாக, அங்கங்கே சாய்ந்து கிடந்தன. நகத்தால் விளிம்பை அழுத்தினேன். முதலாவது அமுங்கி மெதுவாகத் திரும்ப எழும்பியது. இரண்டாவது பிளாஸ்டிக் போல விறைத்தது. விறைத்த விளிம்பு எந்தப் பெட்டியிலும் அமராது. கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே வைத்துப் பார்த்தபோது மூலையில் பசை படாத ஒரு ஊசித் துளையும் தெரிந்தது. கடைக்காரர் கோபிப்பார் என்று வெட்கப்படாமல் இதையெல்லாம் பாருங்கள். பழைய ஃபில்டரைக் கையோடு கொண்டுபோய் உயரத்தையும் விளிம்பின் தடிப்பையும் ஒப்பிடுங்கள்.

பூட்டும்போது நானா செய்கிற ஒரு வேலையை நானும் பழகிக்கொண்டேன். பெட்டியின் அமரும் தடத்தைத் துடைத்துவிட்டு, ரப்பர் விளிம்பில் மிக மெல்லியதாகக் கிறீஸ் தடவுவார். அடுத்த முறை திறக்கும்போது எந்த இடத்தால் புழுதி வந்தாலும் அந்தக் கிறீஸில் தடம் விழுந்திருக்கும். ஸ்நோர்க்கல் என்கிற உயரமான காற்றுக்குழாய் பூட்டினவர்களுக்கும் இதே பரிசோதனையைச் சொல்வேன். உயரத்திலிருந்து காற்றை எடுப்பது புழுதிக்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் பூட்டியபோது கழற்றிய ஹோஸ்களும் கிளிப்களும் திரும்ப ஒழுங்காக அமர்ந்திருக்க வேண்டும்.

கொழும்பை விட்டு வெளியே போகாத வாகனத்துக்கு இதில் பாதி தேவையில்லை. நகரத்தில் ஃபில்டரை அடைப்பது கரிப்புகைதான். சொன்ன காலத்துக்கு நல்ல கடதாசி ஃபில்டரை மாற்றினால் போதும்.

ஈரம் என்று வரும்போது மட்டும் ஒயில் ஃபில்டருக்கு நான் இடம் கொடுக்கிறேன். கடதாசி நனைந்தால் ஊதிப்போய்க் காற்றை அடைக்கும், நலிந்தும் போகும். மீமுரே மலைப் பக்கம் மழைக்குள் ஏறுகிறவர்களுக்கும், ஆறு கடக்கிறவர்களுக்கும் ஒயில் ஊறிய நுரையோ பருத்தியோ அந்த விஷயத்தில் தாங்கும். மச்சானும் சிவப்பு ஃபில்டரை எறியவில்லை. வாடைக் காலத்துக்கு, புழுதி இல்லாத மாதங்களுக்கு மட்டும் அதைப் போடலாமா என்று கேட்டார். கிளிப்பை மாற்றி மூடியை நேராக்கிய பிறகு, அந்தத் தடித்த விளிம்பு திரும்பவும் அதை வளைக்காது என்று நானா பார்த்துச் சொன்னால் போடும் என்றேன். மூடி இப்போது நானாவின் மேசையில் இருக்கிறது. கிளிப்புக்குப் பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறோம்.